வர்த்தக ஒப்பந்தம் நம் நாட்டில் சட்டமாகுமா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் விசாரிக்கும் வழி

தேர்தல் நெருங்கினால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளிலும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையிலும் கடையநல்லூர் தென்னந்தோப்புகளிலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "வெளிநாட்டோட போட்ட ஒப்பந்தத்தாலதான் நம்ம சரக்குக்கு இந்தக் கதி." இரண்டு பெரிய அணிகளும் பழியை ஒருவர்மேல் ஒருவர் போட்டுவிட்டுப் போய்விடும். சிறு கட்சி வேட்பாளர்களும் சுயேச்சைகளும் இன்னும் ஒரு படி மேலே போய், "அந்த ஒப்பந்தமே அரசியலமைப்புக்கு விரோதம், செல்லாது" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் சரியான இடத்தில் கைவைப்பவர்களும் உண்டு, காற்றில் கத்தி வீசுபவர்களும் உண்டு. எது எது என்று ஒரு சாயங்காலத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, உங்கள் பொருளின் சரியான பெயர், இரண்டு மணி நேரம் போதும்.

"செல்லுமா" என்ற கேள்வியை முதலில் பிரியுங்கள்

"ஒப்பந்தம் செல்லுமா" என்பது ஒரு கேள்வி போலத் தெரியும். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம்? போட்ட கையெழுத்து இந்தியாவுக்குள் சட்டமாகுமா? எதிர் நாட்டுக்கு நாம் எந்த அளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம்? மேடையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துதான் வரும். நோட்டில் மூன்று தனித்தனிப் பக்கங்கள் போடுங்கள்.

கையெழுத்து அதிகாரத்தில் குழப்பம் இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 14-ஆம் இனம், வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்வதையும் அதை நிறைவேற்றுவதையும் ஒன்றிய அரசிடம் கொடுக்கிறது. 41-ஆம் இனம் வெளிநாட்டு வர்த்தகம், 83-ஆம் இனம் சுங்க வரி. இந்த இனங்கள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய விஷயங்கள். நாடாளுமன்றத்துக்குச் சட்டம் இயற்ற அதிகாரம் உள்ள விஷயங்களில் ஒன்றிய நிர்வாகமும் செயல்படலாம் என்கிறது பிரிவு 73. எப்படிப் பேசவேண்டும், யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்று நாடாளுமன்றம் இதுவரை ஒரு சட்டம் எழுதவில்லை. அதனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தால் கையெழுத்துப் போடலாம், மக்களவையில் ஓட்டெடுப்பு வேண்டியதில்லை. 2009 ஆகஸ்ட் 13-இல் பாங்காக்கில் கையெழுத்தான ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) சரக்கு ஒப்பந்தமும், 2022 பிப்ரவரி 18-இல் கையெழுத்தான ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தமும் இந்த வழியில் வந்தவைதான். நம் கவலைக்குரிய ஓட்டை இருப்பது இங்கேதான். அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-இல் கொடுத்த அறிக்கையில், உடன்படிக்கை செய்யும் முறையை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே கிடக்கிறது.

இரண்டாவது பக்கம்தான் முக்கியமானது. கையெழுத்தான ஒப்பந்தம் தானாக இந்தியச் சட்டம் ஆகாது. கட்ச் எல்லை குறித்த மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே இதைத் தெளிவாக்கியது. குடிமக்களின் உரிமையைத் தொடுவதாக இருந்தாலோ, இருக்கிற சட்டத்தை மாற்றுவதாக இருந்தாலோ, தனியாக ஒரு சட்டம் வேண்டும். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கிலும் அதே கருத்து. 2023 அக்டோபரில் நெஸ்லே வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கிச் சொன்னது: வருமான வரி உடன்படிக்கையில் ஒரு சலுகை இருந்தாலும், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப் பிரிவு 90-இன் கீழ் அறிவிக்கை வெளியிட்டால்தான் அது இங்கே நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் பிரிவு 253-இல் இருக்கிறது. இது பலமான பிரிவு. உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக என்றால், மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-ஆம் இனம், மீன்வளம் 21-ஆம் இனம். ஆனாலும் 253 வந்தால் அந்த வேலி தடுக்காது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்ற 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இந்த வழியில் வந்தது.

எல்லை ஒன்று உண்டு. 253-இன் கீழ் வரும் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதுதான். பிரிவு 13 அதற்கு மேலே நிற்கிறது. நாட்டின் நிலப்பகுதியையே விட்டுக்கொடுப்பதாக இருந்தால் சாதாரணச் சட்டம் போதாது, அரசியலமைப்புத் திருத்தமே வேண்டும் என்று, பெருபாரி என்ற எல்லைப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-இல் சொன்னது. கச்சத்தீவு பற்றிய வாதங்களில் பெருபாரி அடிக்கடி வருவது இதனால்தான். அந்த வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாமாயில் வரிக்குப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொருந்தாது. வரிக் குறைப்பு நில ஒப்படைப்பு ஆகாது.

பிரிவு 51(இ), சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்கவேண்டும் என்கிறது. "பாருங்கள், அரசியலமைப்பே ஒப்பந்தத்தை ஏற்கிறது" என்று இதைக் காட்டுவோரும் உண்டு. அது வழிகாட்டு நெறி. பிரிவு 37-இன்படி அதை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது.

மூன்றாவது பக்கம் வெளிநாட்டுக்கு நாம் பட்டிருக்கும் கடமை. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதை போதும். உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1-இல் தொடங்கியது. அதன் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கைக்காக 1994 டிசம்பர் 31-இல் காப்புரிமை அவசரச் சட்டம் ஒன்றை அரசு போட்டது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்தில் முடியவில்லை. 1995-இல் அவசரச் சட்டம் காலாவதியானது. அமெரிக்கா புகார் கொடுத்தது, 1997-இல் இந்தியா தோற்றது, 1999-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. "எங்கள் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை" என்பது உள்ளூரில் நல்ல பதில். உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் அது பதிலாகாது. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவேன் என்கிற வேட்பாளரிடம் இந்தக் கதையைச் சொல்லி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

அதே உடன்படிக்கை நமக்குக் கொடுத்ததும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது அந்த உடன்படிக்கைக்காகத்தான். பத்தமடைப் பாயும், 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அந்தச் சட்டத்தின்கீழ்தான் பதிவாயின. பத்தமடைக்காரர் ஒருவர் தன் பாயின் பெயரைக் காக்க வழக்குப் போட்டால், ஜெனீவா உடன்படிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போடமுடியாது. 1999-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைக் காட்டித்தான் போடமுடியும்.

காகிதத்தைத் தேடிப் பிடிப்பது

ஆக, வெளிநாட்டுக் கையெழுத்துக்கும் உங்கள் தோப்புக்கும் நடுவில் எப்போதும் ஓர் இந்தியக் காகிதம் இருக்கும். சில நேரம் சட்டம், பெரும்பாலும் சுங்க அறிவிக்கை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி.

முதலில் பொருளின் எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வகைப்பாட்டு எண். "எண்ணெய்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கச்சா பாமாயில் 1511 10 00. தேங்காய் எண்ணெய் 1513-இல் வரும். மிளகு 0904. எலுமிச்சை 0805 50 00. தீப்பெட்டி 3605, சிகரெட் லைட்டர் 9613. இந்தியாவில் எட்டு இலக்கம் வேண்டும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது, கடைசி இரண்டு நம் நாடு சேர்ப்பது. அதனால் வெளிநாட்டு அட்டவணையில் எட்டு இலக்கத்தைத் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிடாதீர்கள். ஆறோடு நிறுத்தித் தேடுங்கள்.

அடுத்து ஒப்பந்தத்தின் வரி அட்டவணை. மத்திய வணிகத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு ஒப்பந்தமும் முழுதாக இருக்கிறது. பாயிரத்தையும் முதல் அத்தியாயங்களையும் படித்துக் களைத்துப் போகாதீர்கள்; நேராக இந்தியாவின் இணைப்பு அட்டவணைக்குப் போங்கள். உங்கள் கோடுக்கு எதிரே மூன்று விதத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். படிப்படியாக வரி குறையும், அல்லது ஓர் உச்சவரம்பு வரை மட்டும் குறையும், அல்லது பொருள் விலக்குப் பட்டியலில் இருக்கும். விலக்குப் பட்டியலில் இருந்தால் அந்த ஒப்பந்தத்துக்கும் உங்கள் பொருளின் இறக்குமதி வரிக்கும் சம்பந்தமே இல்லை. பாதி மேடைப் பேச்சுகள் இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சுங்க அறிவிக்கை. மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் எண்ணும் ஆண்டும் போட்டுத் தேடலாம். ஆசியான் நாடுகளுக்கு 46/2011, இலங்கைக்கு 26/2000, ஜப்பானுக்கு 69/2011, அமீரகத்துக்கு 22/2022, ஆஸ்திரேலியாவுக்கு 62/2022. இவை சுங்கச் சட்டம் 1962-இன் பிரிவு 25 கொடுக்கும் அதிகாரத்தில் வெளியிடப்பட்டவை. அந்த அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது நாடாளுமன்றம். "நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் வரியைக் குறைத்துவிட்டார்கள்" என்கிற குற்றச்சாட்டு அதனால் பாதி சரி, பாதி தப்பு. இந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கேட்கவில்லை என்பது சரி. வரியைக் குறைக்கும் அதிகாரமே இல்லை என்பது தப்பு.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மூல அறிவிக்கையை மட்டும் பார்ப்பது. 2011-இல் வந்த அறிவிக்கை பலமுறை திருத்தப்பட்டிருக்கும். "இதுவரை திருத்தப்பட்டபடி" உள்ள பிரதியை எடுங்கள், எடுத்த தேதியையும் எழுதுங்கள். இன்னொரு தவறு, "மிகவும் வேண்டப்பட்ட நாடு" வரி என்ற சொல்லைப் பார்த்துச் சலுகை வரி என்று நினைப்பது. வர்த்தகச் சொல்வழக்கில் அது எல்லாருக்கும் போடும் சாதாரண வரி. ஒப்பந்தச் சலுகை அதைவிடக் குறைவாக, தனியாக இருக்கும்.

பாமாயிலை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்

ஆசியான் ஒப்பந்தத்தில் கச்சா பாமாயிலுக்கும் சுத்திகரித்த பாமாயிலுக்கும் இந்தியா தனிச் சலுகை அட்டவணை போட்டது. கச்சா எண்ணெய்க்கு 80 சதவீதத்தில் தொடங்கி 37.5-க்கும், சுத்திகரித்ததற்கு 90-இல் தொடங்கி 45-க்கும் படிப்படியாக இறங்கவேண்டும். அந்த இறுதிப் படி 2020 ஜனவரி 1-இல் இங்கே அமலானது: கச்சா 40-இலிருந்து 37.5, சுத்திகரித்தது 50-இலிருந்து 45. இது ஒப்பந்தம் கட்டாயப்படுத்திய குறைப்பு. நோட்டில் "ஒப்பந்தம்" என்று எழுதுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கச்சா பாமாயிலின் அடிப்படைச் சுங்க வரி ஒருகட்டத்தில் பூஜ்யம் ஆக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 14-இல் அதை 20 சதவீதம் ஆக்கினார்கள். 2025 மே மாத இறுதியில் 10-க்கு இறக்கினார்கள். பூஜ்யம், 20, 10 மூன்றுமே 37.5-க்குக் கீழே. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒன்றைக்கூட ஆசியான் ஒப்பந்தம் கேட்கவில்லை. விலைவாசி, சமையல் எண்ணெய்த் தேவை, ஆலைகளின் கோரிக்கை ஆகியவற்றைப் பார்த்து டெல்லியில் எடுத்த முடிவுகள் இவை. நோட்டில் இதற்கு எதிரே "நம் அரசு" என்று எழுதுங்கள். இதைப் படிக்கும் நாளில் வரி மறுபடி மாறியிருக்கலாம், ஒப்பந்தம் திருத்தப்படாதவரை 37.5 மாறியிருக்காது, அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்படை வரியோடு வேளாண் உள்கட்டமைப்பு வரியும் சமூகநலக் கூடுதல் வரியும் சேர்ந்தால்தான் துறைமுகத்தில் உண்மையில் கட்டும் தொகை வரும். பத்திரிகையில் ஒரு நாள் 20 என்றும் மறுநாள் 27.5 என்றும் வந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். முதலாவது அடிப்படை வரி, இரண்டாவது எல்லாம் சேர்ந்தது. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

ஒப்பந்தங்களுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு வாசலும் உண்டு. மலேசியாவிலிருந்து சுத்திகரித்த பாமாயில் வந்து குவிந்தபோது, 2019 செப்டம்பரில் இந்தியா-மலேசியா தனி ஒப்பந்தத்தின் கீழ் 180 நாளைக்கு 5 சதவீதம் பாதுகாப்பு வரி கூடுதலாகப் போட்டார்கள். யாரும் எந்த ஒப்பந்தத்தையும் கிழிக்கவில்லை.

நம் சீமைக்கு இதைவிடக் கிட்டத்தில் இருப்பது லைட்டர் கதை. மலிவான பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலை அழுத்துகிறது என்று கோவில்பட்டிக்காரர்கள் முறையிட்டு வந்தார்கள். 2023 ஜூன் 29-இல் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிக்கை போட்டது: கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதிக்குத் தடை. உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே மாட்டி விற்கும் வழி திறந்தே இருந்தது. அதனால் 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. இவை வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் 1992-இன் கீழ் வந்தவை. புதுச் சட்டம் தேவைப்படவில்லை, அரசியலமைப்பு வழக்கும் தேவைப்படவில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்து கேட்டதால் கிடைத்தது.

மிளகுக்கும் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். வேறு நாட்டு மிளகு இலங்கை வழியாகச் சலுகை வரியில் வருகிறது என்ற புகார் அப்போது பலமாக இருந்தது. இந்த மாதிரிப் புகாருக்குச் சரியான இடம், பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று காட்டும் பிறப்பிடச் சான்று. 2020-இல் சுங்கச் சட்டத்தில் சேர்ந்த பிரிவு 28டிஏ, சலுகை கேட்கும் இறக்குமதியாளரே பொருளின் பிறப்பிடத்துக்கான விவரத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ளன. ஒப்பந்தத்தை எதிர்க்காமலேயே, அதில் உள்ள நிபந்தனையை ஒழுங்காகச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நீதிமன்றம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது

நம் பகுதிக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அரசியலமைப்பின் பிரிவு 226-இன் கீழ் ரிட் மனு போடலாம். "ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள்" என்று போனால் கொள்கை முடிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். ஓர் அறிவிக்கையோ சட்டமோ அரசியலமைப்பை மீறுகிறது என்று போனால் கேட்பார்கள்.

நேர்மாறான வழக்கும் உண்டு. நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஈ) உலக வர்த்தக உடன்படிக்கைக்கு முரண் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2007 ஆகஸ்டில் நீதிமன்றம், அந்த முரணை இங்கே தீர்க்கமுடியாது, உடன்படிக்கையிலேயே தகராறு தீர்க்கும் அமைப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் பிரிவு 14-ஐ (சமத்துவ உரிமை) மீறுகிறதா என்பதை மட்டும் பரிசீலித்து, அதையும் தள்ளியது. நம் நாட்டுச் சட்டத்தை வெளி ஒப்பந்தத்தால் அடித்துச் சாய்க்க முடியாது என்பதற்கு நம் மாநிலத்து நீதிமன்றத்தில் கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு இது.

அமெரிக்காவில் மூன்றாம் தரப்பினர் இதை எப்படிப் பேசினார்கள்

இதைத் தெரிந்துகொள்ள இரண்டு காரணம். நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதங்களில் பல அங்கிருந்து வந்தவை. பிறகு, இரண்டு பெரிய கட்சிகளையும் சேராத மூன்றாம் தரப்பு வேட்பாளர் பேச்சை வகை பிரிக்க அங்குள்ள அனுபவம் நல்ல பயிற்சி.

அமெரிக்க அரசியலமைப்பில் உடன்படிக்கை என்றால் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமோ காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு. கனடா, மெக்சிகோவோடு போட்ட நாஃப்டா ஒப்பந்தத்தை உடன்படிக்கையாகக் கொண்டுபோகாமல், இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றினார்கள்: 1993 நவம்பரில் கீழவையில் 234-க்கு 200, செனட்டில் 61-க்கு 38. அந்த 61 மூன்றில் இரண்டு பங்கு ஆகாது. அதனால் ஒப்பந்தமே செல்லாது என்று ஒரு தொழிற்சங்கமும் ஓர் அமைப்பும் வழக்குப் போட்டன. மாவட்ட நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது அரசியல் கேள்வி, நாங்கள் தீர்க்க முடியாது என்று விலகிக்கொண்டது.

இப்போது வேட்பாளர்கள். 1992-இல் சுயேச்சையாக நின்று 18.9 சதவீத ஓட்டு வாங்கிய ராஸ் பெரோ, விளைவைப் பேசினார்: கூலி குறைந்த மெக்சிகோவுக்கு வேலை போய்விடும் என்றார். 2000-இல் பசுமைக் கட்சிக்கு நின்ற ரால்ஃப் நாடர் முறையைப் பேசினார்: மூடிய அறையில் உட்காரும் வர்த்தகத் தீர்ப்பாயங்கள் மக்களாட்சிச் சட்டங்களைப் பலவீனப்படுத்துகின்றன என்றார். 2008-இல் சக் பால்ட்வினை நிறுத்திய அரசியலமைப்புக் கட்சி அதிகாரத்தைப் பேசியது: வர்த்தக அதிகாரத்தைக் காங்கிரஸ் வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்றது. மூன்றாம் தரப்பு என்றால் எதிர்ப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2016-இல் பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை ஜில் ஸ்டைன் எதிர்த்தார், சுதந்திரவாதக் கட்சியின் கேரி ஜான்சன் ஆதரித்தார்.

விளைவு, முறை, அதிகாரம். இந்த மூன்று தலைப்பையும் அப்படியே நம் நோட்டுக்குக் கொண்டுவரலாம். கொண்டுவரக் கூடாதது அமெரிக்கச் சட்ட வாதம். "மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கவில்லை, அதனால் செல்லாது" என்று நம் ஊர் வேட்பாளர் ஒருவர் பேசினால், அவர் வேறு நாட்டு அரசியலமைப்பைப் படித்திருக்கிறார். நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அங்கே காங்கிரஸ் ஒப்பந்தத்தின்மேல் ஓட்டாவது போடுகிறது. இங்கே அதுவும் இல்லை. நம் கோரிக்கை இன்னும் அடிப்படையானது.

வேட்பாளரிடம் கேட்பது

எந்தத் தேர்தல் என்று முதலில் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் சுங்க வரியில் ஒரு சதவீதத்தைக்கூட மாற்ற முடியாது. சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், மாநில அரசு கருத்துச் சொல்லும்படி அழுத்தம் கொடுக்கலாம். பிரிவு 131-இன் கீழ் மாநிலம் ஒன்றிய அரசின்மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஆனால் அது மாநில அமைச்சரவையின் முடிவு. ராதாபுரத்திலோ அம்பாசமுத்திரத்திலோ எம்எல்ஏவுக்கு நிற்பவர் "ஒப்பந்தத்தை ரத்து செய்வேன்" என்றால், அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் இடத்துக்கே அவர் போகவில்லை.

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் கேள்வி வேறு. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று தொகுதிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பேச்சு:

"அண்ணாச்சி, பாமாயில் வந்து குவியறதுக்கு ஆசியான் ஒப்பந்தந்தான் காரணம், அதக் கிழிச்சிப் போடுவேன்னு சொல்லுதிய. அதுல கச்சா எண்ணெய்க்கு உச்சவரம்பு எத்தனன்னு பாத்தியளா?"

"அதெல்லாம் நமக்கு எங்க தம்பி தெரியும். இறக்குமதி வருதா இல்லியா?"

"வருது. 37.5 வரைக்கும் வரி போடலாம் அண்ணாச்சி. 2025-ல 10-க்குக் கொறச்சாங்க. அதக் கொறன்னு எந்த ஒப்பந்தமும் சொல்லல. நீங்க உள்ள போனா அந்த அறிவிக்கையப் பத்திக் கேள்வி கேப்பியளா?"

இதற்கு "கேட்பேன், எண்ணைக் குறித்துக் கொடுங்க" என்று சொல்பவர் ஒரு வகை. "பழைய ஆட்சி போட்டது" என்று நழுவுபவர் இன்னொரு வகை. பதிலைச் சொன்ன வார்த்தையிலேயே, தேதியோடு எழுதுங்கள். சுருக்கி எழுதினால் பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். கட்சியின் தேர்தல் அறிக்கையில் அதே விஷயம் வேறுமாதிரி இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சுயேச்சைக்கு அறிக்கை இருக்காது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்காமல் தருவோர் உண்டு.

தனி ஆள் என்ன செய்துவிட முடியும் என்று சிறு கட்சிக்காரரை ஒதுக்கிவிடாதீர்கள். கட்சியே இல்லாத எம்பியும் எழுத்துமூலப் பதில் கேட்டுக் கேள்வி கொடுக்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகள் 230 வரை எடுக்கப்படுகின்றன. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விதி 377-இன் கீழ் தொகுதிப் பிரச்சினையை எழுப்பலாம். ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று தனிநபர் மசோதா கொடுக்கலாம். 2002 பரிந்துரையைச் சட்டமாக்கக் கேட்கத் தயாரா என்று மூன்றாம் தரப்பு வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒப்பந்தத்தை ஆதரிப்பவரும் இதற்கு ஆம் சொல்லலாம், எதிர்ப்பவரும் சொல்லலாம். அதனால்தான் இது நல்ல கேள்வி.

ரத்து செய்வேன் என்று உறுதியாக நிற்பவரிடம், எந்த வழியில் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கடைசி அத்தியாயத்திலும் விலகும் விதி இருக்கும். உலக வர்த்தக அமைப்பிலிருந்து விலக ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்பைக் கொடுப்பது ஒன்றிய அரசு. கையெழுத்துக்கு முன்பே விலகியதும் நடந்திருக்கிறது: 2019 நவம்பர் 4-இல் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து போடும் ஆர்செப் என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் சேரமாட்டோம் என்று இந்தியா சொன்னது. வேலை எளிது என்றால் அது கையெழுத்துக்கு முன்புதான்.

ஆர்டிஐ மனு

பேச்சுவார்த்தையில் இருக்கும் வரைவைக் கேட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) பிரிவு 8(1)(அ)-ஐக் காட்டி மறுப்பார்கள். வெளிநாட்டு உறவு, பொருளாதார நலன் என்று காரணம் இருக்கும். மறுக்க முடியாதவற்றைக் கேளுங்கள். அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேதி. தமிழ்நாடு அரசிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டதா, தேதி என்ன, பதில் வந்ததா. எந்த எந்தப் பொருளுக்குத் தாக்க ஆய்வு செய்யப்பட்டது, அதன் தலைப்புகள். உங்கள் எச்எஸ் கோடு குறித்து வந்த முறையீடுகளின் எண்ணிக்கை.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் பிரிவு 6 அதற்கு இடம் தருகிறது. மத்திய விதிப்படி 500 வார்த்தைக்குள் முடியுங்கள். கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆணையாகப் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும். முப்பது நாளில் பதில், இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "எந்தக் கோப்பு, எந்தத் தேதி" என்று கேளுங்கள்.

இந்தப் பதில் வர ஒரு மாதத்துக்குக் குறையாது. வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே மனுவைப் போட்டால்தான் வேட்பாளர் ஊருக்கு வரும்போது காகிதம் உங்கள் கையில் இருக்கும்.

தேர்தல் முடிந்தபின் நோட்டை மூடிவிடாதீர்கள். சுங்கச் சட்டம் பிரிவு 159-இன்படி, வரிச் சலுகை அறிவிக்கைகளை இரு அவைகளிலும் முப்பது நாள் மேசையில் வைக்கவேண்டும். அந்தக் காலத்தில் திருத்தம் கோரும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. இரு அவையும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் வரும், ஆனால் கோரிக்கையாவது பதிவில் ஏறும். புது அறிவிக்கை வந்த வாரத்திலேயே எண்ணையும் தேதியையும் எச்எஸ் கோடையும் ஒரு கார்டில் எழுதி உங்கள் எம்பிக்கு அனுப்புங்கள். அவர் தேர்தலின்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.